நைடோர்ஃபா, கேரோ-கானா?

செஸ்ஸில் மூன்று வருடம் சிசிலியன் நைடோர்ஃப் ஆடிவிட்டுப் போன வருடம் கேரோ-கானுக்கு மாறினேன்; இரண்டும் கருப்புக் காய்க்கான தொடக்க முறைகள். வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதியில் ரேட்டிங் போட்டி ஆடுகிறவன் நான்; கருப்புக் காயில் 1. இ4-க்கு (வெள்ளை முதல் நகர்த்தலில் ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இ4 கட்டத்துக்குத் தள்ளுவது; முன்னால் உள்ள எண் எத்தனையாவது நகர்த்தல் என்பது) என்ன பதில் என்பதை அந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

நைடோர்ஃபின் பெருமை தெரிந்ததே. உலக சாம்பியன்கள் ஃபிஷரும் காஸ்பரோவும் ஜெயிப்பதற்காக ஆடியது. என்னை மாறவைத்தது அதைப் பராமரிக்கும் வேலை.

ஒரு ரவுண்டில் எதிரே பள்ளி மாணவன். 6. பிஷப் ஜி5, அடுத்து எஃப்4. நான் ராணியை பி6-க்குக் கொண்டுபோய் பி2 சிப்பாயை வெட்டினேன். ‘விஷச் சிப்பாய்’ லைன், அதாவது சும்மா கிடைப்பதுபோல் தெரிந்து, வெட்டினால் ஆபத்தாகும் சிப்பாயைச் சுற்றிய நகர்த்தல் வரிசை. 10-ஆவது நகர்த்தலில் அவன் இ5 தள்ளினான். நான் கரைத்துக் குடித்திருந்தது 10. எஃப்5 மட்டும். 40 நிமிடம் யோசித்தும் என் ராஜாவை எங்கே ஒதுக்குவது என்று பிடிபடவில்லை, தோற்றேன். 1972-ல் ரெய்க்யவிக்கில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 11-ஆவது ஆட்டத்தில் இதே லைனில் ஸ்பாஸ்கி ஃபிஷரின் ராணியையே சிறைபிடித்தார். அப்படிப்பட்ட லைனை மாதம் இரண்டு ஞாயிறு படித்துக் காப்பாற்ற முடியாது. இது போக, பலர் நைடோர்ஃபுக்கு வரும் முன்பே 2. சி3, அல்லது 3. பிஷப் பி5 செக் என்று விலகிவிடுவார்கள். அதற்கெல்லாம் தனியாகப் படிக்க வேண்டும்.

கேரோ-கான் மறதியைப் பொறுத்துக்கொள்கிறது. 3. இ5 வந்தால் பிஷப்பை எஃப்5-க்கு எடுத்துவிட்டு இ6. அப்புறம் சி5 தள்ளி வெள்ளையின் டி4-ஐக் குடைய வேண்டும். குதிரைகள் கொஞ்சம் முன்பின்னாக வந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஃபிரெஞ்ச் என்ற இன்னொரு கருப்புத் தொடக்கத்தில் சி8-லேயே அடைபட்டுக் கிடக்கிற பிஷப் இங்கே வெளியே நிற்கிறது, எனக்குப் பிடித்ததே அதுதான். 1958-ல் பொட்வின்னிக் ஸ்மிஸ்லோவிடமிருந்து உலகப் பட்டத்தை மீட்டபோது முதல் ஆட்டத்தில் எடுத்ததும் இதையே.

எல்லாவற்றையும் மறக்கலாம் என்றில்லை. 1997-ல் ஐபிஎம் கணினி டீப் புளூவுடனான கடைசி ஆட்டத்தில் இதே கேரோ-கானில் காஸ்பரோவ் 7-ஆவது நகர்த்தலில் எச்6 ஆட, அந்தக் கணினி இ6-ல் குதிரையைப் பலிகொடுத்து 19 நகர்த்தலில் முடித்துவிட்டது. அந்த லைனில் முதலில் பிஷப் டி6, பிறகுதான் எச்6.

ஜெயித்தே ஆகவேண்டிய கடைசி ரவுண்டில் எதிராளி டி5-ல் சிப்பாயை வெட்டி எக்ஸ்சேஞ்சுக்கு (சிப்பாய்களை மாற்றிக்கொள்ளும் லைன்) போனால் ஆட்டம் டிரா பக்கம் சாய்கிறது. அப்போது நைடோர்ஃபை விட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியிருக்கிறது. என் எதிராளிகளின் ரேட்டிங் பெரும்பாலும் 1700-க்குக் கீழ்; அதற்கு மேலே எப்படியோ, சொல்லும் அளவுக்கு ஆடவில்லை. கேரோ-கானுக்கு எதிராக வெள்ளை ஆடும் பானோவ் அட்டாக் இரண்டே முறை வந்தது. டி4-ல் தனியாக நிற்கும் வெள்ளைச் சிப்பாய்க்கு முன்னால் டி5-ல் குதிரையை நிறுத்துவது வரை சரி. அப்புறம் வெள்ளை என் ராஜாவை நோக்கித் திரும்பும்போது இன்னும் தடுமாறுகிறேன். இந்த மாதம் படிப்பது அதைத்தான்.