ராபிட்எம்கியூ, காஃப்கா, நாட்ஸ்: ஒற்றைச் சர்வரில் எதை நிறுவுவது?

ஆர்டர் வந்ததும் பில் தயாராக வேண்டும், வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும், சரக்கிருப்பு குறைய வேண்டும். இந்த வேலைகளைத் தனித்தனி நிரல்களுக்குப் பிரித்துக் கொடுக்க நடுவில் செய்திகளை வாங்கி உரிய நிரலிடம் சேர்க்கும் ஒரு மெசேஜ் புரோக்கர் தேவை. ராபிட்எம்கியூ, காஃப்கா, நாட்ஸ் மூன்றும் அத்தகையவை. கையில் இருப்பதோ 4 ஜிபி நினைவகமுள்ள ஒரே ஓர் உபுண்டு சர்வர். இந்த நிலையில் என் தேர்வு ராபிட்எம்கியூ. மற்ற இரண்டும் மட்டமானவை அல்ல. நிறுவியவுடன் தகவலை எங்கே வைக்கின்றன என்பதுதான் என்னை இந்தப் பக்கம் தள்ளியது.

காஃப்காவை எடுத்துக்கொள்வோம். லிங்க்ட்இன் நிறுவனத்தில் பிறந்து 2011இல் திறமூலமானது. 2025இல் வந்த 4.0 பதிப்பு, முன்பு தனியாக ஓட வேண்டியிருந்த ஜூகீப்பர் என்ற ஒருங்கிணைப்பு மென்பொருளை அடியோடு நீக்கியதால் நிறுவும் வேலை பாதியாகிவிட்டது: ஜாவா 17, சுருக்கக் கோப்பை விரித்தல், சேமிப்பிடத்தை ஒருமுறை ஃபார்மட் செய்தல், அவ்வளவுதான். ஆனால் உடன் வரும் மாதிரி அமைப்புக் கோப்பு, செய்திகளைத் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறைக்குள் எழுதச் சொல்கிறது. உபுண்டு மறுதொடக்கத்தில் அந்தக் கோப்புறையைத் துடைத்துவிடும். அதை மாற்றாமல் ஓட்டினால் அடுத்த மின்வெட்டோடு எல்லாம் போயிற்று. சர்வர் தொடங்கும்போது காஃப்காவைத் தானாக இயக்கும் சிஸ்டம்டி சேவைக் கோப்பையும் நாமே எழுத வேண்டும்.

வட்டிலும் கவனம் வேண்டும். காஃப்காவில் படித்த செய்தி அழியாது. இயல்பாக 168 மணி நேரம் தங்கும். நொடிக்கு 500 செய்திகள், ஒவ்வொன்றும் 1 கேபி என்றால் ஒரு நாளைக்கு 43 ஜிபி, ஏழு நாளில் 300 ஜிபியைத் தாண்டும். பழைய செய்திகளைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டியவர்களுக்கு இது வரம். பில் போட்டதும் மறந்துவிடலாம் என்பவர்களுக்கு வீண் சுமை.

நாட்ஸ் நிறுவுவதற்கு மிக எளிது. கோ மொழியில் எழுதப்பட்ட ஒற்றைக் கோப்பு. இயக்கியதும் 4222 போர்ட்டில் காத்திருக்கும். ஆனால் அதன் சேமிப்புப் பகுதியான ஜெட்ஸ்ட்ரீமை இயக்காதவரை அது எதையும் சேமிக்காது; கேட்பவர் இல்லாத நேரத்தில் வந்த செய்தி காற்றோடு போகும். ஜெட்ஸ்ட்ரீமை இயக்கினாலும் சேமிப்பிடத்தைக் குறிப்பிடாவிட்டால் அதுவும் டெம்புக்குள்தான் எழுதும். உணர்கருவி அளவீடுகளுக்கு நாட்ஸைத் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன், பில்லுக்கு மாட்டேன்.

ராபிட்எம்கியூவைப் பொதியாக நிறுவினால் சேவைக் கோப்பு கூடவே வருகிறது, தகவலும் நிலையான கோப்புறையில் அமர்கிறது. வேலையாள் நிரல் ஒப்புகை தந்ததும் செய்தி வரிசையிலிருந்து நீங்குவதால் வட்டு வீங்குவதில்லை. ராபிட்எம்கியூ எழுதப்பட்ட எர்லாங் மொழியின் பதிப்புதான் தொல்லை: ஒவ்வொரு வெளியீடும் குறிப்பிட்ட எர்லாங் பதிப்புகளோடு மட்டுமே ஒத்துப்போகும். ஆகவே இரண்டையும் ராபிட்எம்கியூ குழுவின் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள். நிறுவும்போதே உருவாகும் கெஸ்ட் என்ற பயனர் அதே சர்வருக்குள்ளிருந்து மட்டுமே நுழைய முடியும். அந்தப் பூட்டைத் தளர்த்தாமல் புதிய பயனரை உருவாக்குங்கள். வட்டில் காலியிடம் 50 எம்பிக்குக் கீழே போனால்தான் அனுப்புபவர்களைத் தடுக்கும் என்ற இயல்பு வரம்பு மிகக் குறைவு. நான் 2 ஜிபிக்கு உயர்த்திவிடுவேன்.

இதில் ஒரு படுகுழியும் உண்டு; அதில் நானே விழுந்திருக்கிறேன். நோடின், அதாவது சர்வரில் ஓடும் ராபிட்எம்கியூவின், பெயர் சர்வரின் ஹோஸ்ட் பெயரிலிருந்து உருவாகிறது, தகவல் கோப்புறைக்கும் அதே பெயர்தான். ஒரு மாலையில் ஹோஸ்ட் பெயரை அழகாக மாற்றிவிட்டு மறுதொடக்கம் செய்தேன். வரிசைகள், பயனர்கள், அனுமதிகள் எதுவுமே காணவில்லை. இரண்டு மணி நேரம் கை நடுங்கத் தேடிய பிறகுதான், பழைய பெயரிலான கோப்புறை பத்திரமாக இருப்பதைக் கண்டேன். பழைய பெயரையே நோட் பெயராக எழுதி, பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் சேர்த்ததும் எல்லாம் மீண்டன. எனவே நிறுவுவதற்கு முன்பே ஹோஸ்ட் பெயரை முடிவுசெய்துவிடுங்கள்.

மூன்றில் எதை எடுத்தாலும் ஒரு சோதனை கட்டாயம். மறுதொடக்கத்திலும் நிலைத்திருக்கும் வரிசையில், வட்டில் சேமிக்கப்படும்படி ஒரு செய்தியைப் போட்டு, சர்வரை முழுதாக மறுதொடக்கம் செய்து, அது அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மட்டும் நிரல்களை இணையுங்கள்.