சில்லறை நெய் வாங்குவோர் கவனத்திற்கு

தீபாவளிக்கு முன்பு ஈரோட்டிலிருந்து திரும்பும் வழியில், ‘ஊத்துக்குளி வெண்ணெய் காய்ச்சிய நெய்’ என்று பலகை வைத்திருந்த ஒரு கடையில், கிலோ 550 ரூபாய் வீதம் இரண்டு கிலோ வாங்கினேன். ஒரு கிலோ நெய்க்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ வெண்ணெய் காய்ச்ச வேண்டும், அந்த விலைக்கு அது கட்டுபடியாகாது என்ற கணக்கு எனக்குத் தெரியாததல்ல. வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளியின் பெயரைக் கண்டதும் கணக்கு மறந்துபோயிற்று.

மூடியைத் திறந்தபோது முருங்கைக்கீரை போட்டு இறக்கிய வாசம் கமகமவென்று வந்தது. மைசூர்பாகு கிளற வாணலியில் ஊற்றிச் சூடேறியதும் அந்த வாசம் போன இடம் தெரியவில்லை. கிண்ணத்தில் மிஞ்சியது மறுநாள் காலையில் மணல் மணலாக உறையாமல் மெழுகுபோல் வழவழவென்று இறுகியிருந்தது. வாயில் போட்டால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

திறந்த டப்பாவோடு உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்திற்குச் சென்ற பிறகுதான் என் தவறு புரிந்தது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, கட்டணம் செலுத்தி எவரும் தாம் வாங்கிய பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். குறை உறுதியானால் அந்தக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால், பகுப்பாய்வுக்குக் கொடுக்கப்போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்திருக்க வேண்டும். நான் ரசீதுகூட வாங்கியிருக்கவில்லை.

இருப்பினும் புகாரைப் பெற்றுக்கொண்ட அலுவலர் கடைக்கே சென்று மாதிரி எடுத்து, விதிப்படி நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிட்டு, ஒன்றைப் பகுப்பாய்வுக்கு அனுப்பினார். கடையின் பின்னறையில் ‘விளக்கேற்றுவதற்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் அச்சிட்ட வனஸ்பதித் தகரடின்கள் இருந்தனவாம். நெய்யில் வனஸ்பதி கலந்தால் சோதனையில் பிடிபடட்டும் என்பதற்காகவே வனஸ்பதியில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இவர்களையும் அந்த நல்லெண்ணெய்தான் காட்டிக்கொடுத்தது.

முடிவு ‘தரம் குறைந்தது’ என்று வந்ததால், வழக்கு நீதிமன்றத்திற்குப் போகாமல் மாவட்ட வருவாய் அலுவலரின் விசாரணைக்குச் சென்று அபராதத்தோடு முடிந்தது. இவ்வகைக் குற்றத்திற்குச் சட்டம் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. சிறைத்தண்டனை, உண்பதற்குப் பாதுகாப்பற்றது என்று முடிவு வந்தால்தான். அபராதம் அரசுக்குப் போயிற்று, என் 1100 ரூபாய் போனது போனதுதான்.

ஆகவே சில்லறையாக நெய் வாங்குவோர் ரசீது கேளுங்கள்; கடையில் 14 இலக்க உரிம எண் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; ஐயமிருந்தால் பணம் கொடுக்கும்போதே, சோதனைக்கு அனுப்பப்போவதாகச் சொல்லிவிடுங்கள். மிஞ்சிய நெய்யை விளக்குக்காவது ஊற்றலாம் என்றேன். சாமிக்கு மட்டும் அதை வைக்கலாமா என்று அம்மா கேட்டுவிட்டார்.