பழைய சாகாவின் வினைல் பட்டைகளுக்கு 303 பாதுகாப்புத் திரவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் ஓடும் பழைய கார்களில், வண்ணப்பூச்சுக்கு முன்பே வயதாகிவிடுபவை வெளிப்புறக் கறுப்பு வினைல் (ஒருவகைப் பிளாஸ்டிக்) பட்டைகள். 1985இல் அறிமுகமான முதல் தலைமுறை புரோட்டோன் சாகா கார் ஒன்றைப் பராமரித்து வரும் நான், அதன் பட்டைகளுக்கு 303 ஏரோஸ்பேஸ் புரொடெக்டன்ட் என்னும் திரவத்தையே தொடர்ந்து பயன்படுத்துகிறேன்.

வினைலை இளக்கமாக வைத்திருப்பவை அதில் கலந்துள்ள நெகிழ்வூட்டிகள். வெப்பமும் புறஊதாக் கதிர்களும் அவற்றை மெல்ல மெல்ல இழக்கச் செய்வதால் பட்டை வெளுத்து, சுருங்கி, இறுதியில் வெடிக்கிறது. பெட்ரோலாலும் தின்னராலும் துடைப்பது அந்த இழப்பை விரைவுபடுத்தும் என்பதால், பட்டறைகளில் இன்னும் அப்படிச் செய்வதைக் காணும்போது மனம் வருந்துகிறது.

திரவத்தைவிட முன்தயாரிப்பே முக்கியம். மென்மையான நைலான் தூரிகையாலும் மிதமான சோப்பு நீராலும், பட்டையின் நுண்வரிகளில் படிந்த செம்மண்ணையும் காய்ந்து வெளுத்த பழைய மெழுகையும் நீக்கி, அலசி, முற்றிலும் உலரவிட வேண்டும். பிறகு காரை நிழலில் நிறுத்தி, திரவத்தைத் துணியில் தெளித்துத் தடவி, மற்றொரு துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் கோடுகள் தங்கிவிடும்.

பிசுபிசுப்போ மிகைப் பளபளப்போ இல்லாத, புதிய பட்டைக்கே உரிய அடங்கிய கறுப்பு இதில் கிடைக்கிறது. நீடிப்புதான் குறை: நம் வெயிலிலும் மழையிலும் மாதந்தோறும் மீண்டும் பூச வேண்டியிருக்கிறது, திறந்த வெளியில் நிற்கும் காருக்கு அதற்கு முன்பேகூட. ஏற்கெனவே வெடித்த பட்டையை இது மீட்டுத் தராது. அதை மாற்றத்தான் வேண்டும்.