மகளுக்கு வாங்கிய ஏர் பிஸ்டலில் ரூ. 1,42,000 இழந்தேன்: போட்டிக்குப் பழைய பிஸ்டல் தேடும் பெற்றோர் தயவுசெய்து படிக்கவும்

நேற்றுக் காலை மாவட்டத் துப்பாக்கிச் சுடும் போட்டியின் கருவிச் சோதனை மேசையில் என் மகளின் பிஸ்டல் நிராகரிக்கப்பட்டது. குழலைச் செங்குத்தாகப் பிடித்து, டிரிகரில் 500 கிராம் எடைக்கல்லை மாட்டி, மேசையிலிருந்து தூக்க வேண்டும். டிரிகர் விழாமல், அதாவது சுடும் விசை விடுபடாமல், எடை எழும்பினால் தேர்ச்சி. மூன்று முறை முயலலாம். முதல் முறை எடை அசைவதற்குள் டிரிகர் விழுந்தது. இரண்டாம் முறையும் விழுந்தது. மூன்றாம் முறையும் விழுந்தபோது, வரிசையில் பின்னால் நின்ற பிள்ளைகளுக்கு முன்னால் என் பதினாறு வயது மகள் பிஸ்டலைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டு என்னிடம் வந்தாள். அந்தப் பிஸ்டலுக்கு நான் கொடுத்த விலை ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். கோபம் ஆறும் வரை காத்திருந்தால் இதை எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன்.

என் மகள் இரண்டு ஆண்டுகளாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி எடுக்கிறாள். ஒற்றைக் கையால் பிடித்து, 75 நிமிடத்தில் 60 குண்டுகள் சுட வேண்டும். நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். இதுவரை பயிற்சிக்கூடத்துப் பிஸ்டலை நான்கு பிள்ளைகளுடன் பங்கிட்டுக்கொண்டுதான் சுட்டு வந்தாள். ஒவ்வொருவர் சுட்ட பிறகும் கிரிப்பின், அதாவது கைப்பிடியின், அடித்தட்டை ஏற்றி இறக்க வேண்டும். டிரிகரின் தூரத்தை மாற்ற வேண்டும். முந்தைய நாள் கை பதிந்த இடம் மறுநாள் கிடைக்காது. அந்த நிலையிலும் 600-க்கு 548 வரை வந்தாள். சொந்தப் பிஸ்டல் வேண்டும் என்று அவள் ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டவர் அவளுடைய கோச்.

கோச் அப்போது சொன்னதை நான் முழுமையாகக் காதில் வாங்கியிருக்க வேண்டும். "ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்டினி, எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை சார். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். பாப்பா கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிப் பிடித்து, கண்ணைத் திறந்தால் முன்குறியும் பின்குறியும் தானாக நேர்கோட்டில் நிற்க வேண்டும். அப்படி நிற்கும் கிரிப் எந்தப் பிஸ்டலில் இருக்கிறதோ அதை வாங்குங்கள்" என்றார். பழையது வாங்குவதாக இருந்தால் தாம் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். புதியது இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்று விசாரித்த இடமெல்லாம் சொன்னார்கள். அதனால்தான் பழையதைத் தேடினேன்.

பயன்படுத்திய விளையாட்டுக் கருவிகளை விற்கும் ஓர் இணையச் சந்தையில் அந்த விளம்பரம் இருந்தது. கோச் சொன்ன ஐந்தில் ஒன்று, "இரண்டு ஆண்டுதான் பழையது, ஒரே பெண் பயன்படுத்தியது, மீடியம் கிரிப்" என்று போட்டிருந்தார்கள். விற்பவர் வேறொரு பெருநகரில் விளையாட்டுப் பொருள் கடையில் பங்குதாரர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். முதல் பேச்சிலேயே அவர் விலையைப் பற்றிப் பேசவில்லை. பாப்பாவின் உள்ளங்கையை ஒரு தாளில் வரைந்து, அளவு குறித்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மணிக்கட்டுக்கும் சுட்டுவிரல் நுனிக்கும் உள்ள தூரத்தைக் கேட்டார். அதையும் அளந்து சொன்னேன். அரை மணி நேரம் கழித்து அழைத்து, "அண்ணே, கிரிப் இப்படியே பொருந்தும். அடித்தட்டை மட்டும் கொஞ்சம் ஏற்றினால் போதும். என் அண்ணன் மகளுக்குப் பார்ப்பது மாதிரிதான் பார்க்கிறேன்" என்றார். விலையை மட்டும் பேசும் வியாபாரிகளையே அதுவரை பார்த்திருந்த எனக்கு, மகளின் கையை அளந்து கேட்ட ஒரு மனிதர் மீது நம்பிக்கை வந்துவிட்டது. அந்த ஒரு நொடியில்தான் நான் விழுந்தேன்.

அன்றிரவே வீடியோவில் வந்தார். பிஸ்டலை ஓர் இரும்புப் பிடிப்பானில் இறுக்கி வைத்து, பத்து மீட்டரில் ஐந்து குண்டுகளைச் சுட்டு, தாளைக் கேமராவுக்கு அருகில் காட்டினார். ஐந்தும் ஒரே துளை. என் மகள் அதைப் பார்த்துக் கைதட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கோச்சுடன் நேரில் வருகிறேன் என்றேன். புனேயிலிருந்து ஒருவர் காலையில் பணம் போடப்போகிறார், உங்களுக்காக இரவு வரை நிறுத்தி வைக்கிறேன் என்றார். தளம் வழியாகக் கட்டினால் அவர்கள் கமிஷன் எடுப்பார்கள், நேரடியாக வங்கிக்கணக்கில் போட்டால் 8,000 குறைக்கிறேன் என்றார். கேட்ட விலை 1,50,000; இரவு பத்தே முக்கால் மணிக்கு நான் அனுப்பியது 1,42,000. அதில் தொண்ணூறாயிரம் என் மனைவியின் வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து வந்தது. நாற்பதாயிரம் சீட்டுப் பணம். மீதிப் பன்னிரண்டாயிரம் பள்ளிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்திருந்தது.

மூன்றாம் நாள் ஆம்னி பஸ் பார்சலில் பெட்டி வந்தது. கோச் தமது எடைக்கல்லால் சோதித்தபோது டிரிகர் 500 கிராமைத் தாங்கியது. மறுநாள் காலையில் முதல் குறை தெரிந்தது. குண்டைத் தள்ளும் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரை மாலையில் 200 பார் அழுத்தத்தில் நிரப்பி வைத்தோம்; அதன் அழுத்தமானி முள் காலையில் 120-இல் நின்றது. சுடச் சுட வேகம் குறைந்து, குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாளில் கீழே இறங்கின. இறுக்கிய பிடிப்பானிலிருந்து புதிதாகக் காற்று நிரப்பிச் சுட்ட ஐந்து குண்டுகள் குழல் நன்றாக இருப்பதை மட்டுமே காட்டும் என்பதும், கசிவைப் பற்றியோ டிரிகரைப் பற்றியோ கிரிப்பைப் பற்றியோ எதையும் சொல்லாது என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கிரிப்பின் உட்புறத்தில் கட்டைவிரல் பதியும் இடம் முழுவதும் மரப்பொடி பசையால் நிரப்பப்பட்டு, பழுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது. ஒரு வாரத்தில் வியர்வை பட்டு அது பெயர்ந்தது.

இரண்டாவது வாரம் கோச் சிலிண்டரின் மேல் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அதன் அடியில் தயாரிப்பு ஆண்டு 2009 என்று பொறித்திருந்தது. இத்தகைய அலுமினியச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கொடுக்கும் ஆயுள் பத்து ஆண்டு. காலாவதியாகாத சிலிண்டரை வைத்திருப்பது சுடுபவரின் பொறுப்பு என்று போட்டி விதியும் சொல்கிறது. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு அழுத்தத்தை அந்தக் காலாவதியான சிலிண்டருக்குள் அடைத்து, என் மகள் பத்து நாள் கையில் ஏந்தி நின்றிருக்கிறாள். பணத்தை ஏமாற்றியதைக்கூட ஒருநாள் மறப்பேன். அந்த ஸ்டிக்கரை ஒட்டிய கையை மன்னிக்க என்னால் முடியாது.

விற்றவரை அழைத்தேன். கசிவுக்குக் காரணம் நாங்கள் ஈரமான காற்றை நிரப்பியது என்றார். ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டதும், தமக்கும் அப்படியே வந்தது என்றார். பிறகு, பாப்பா குண்டு போடாமல் வெறுமனே டிரிகரை இழுத்துப் பழகியிருப்பாள், அதனால் உள்பாகம் கெட்டிருக்கும் என்றார். அப்படிப் பழகுவதற்கென்றே இந்தப் பிஸ்டல்களில் தனி அமைப்பு உண்டு என்று கோச் எடுத்துச் சொன்னதும், திருப்பி அனுப்புங்கள், சர்வீஸுக்குப் பதினெட்டாயிரம் ஆகும் என்றார். அதன் பிறகு அழைப்பை எடுக்கவில்லை. ஏழு மணி நேரம் பேருந்தில் சென்று அந்தக் கடையைக் கண்டுபிடித்தேன். கிரிக்கெட் மட்டை விற்கும் சிறிய கடை. வேலைக்கு நின்ற பையன் மரியாதையாக நாற்காலி போட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து, அண்ணன் வெளியூர் போயிருக்கிறார் என்றான். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடையின் முதலாளி வந்து, அவர் பங்குதாரர் இல்லை, எப்போதாவது வந்து போகிறவர் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இணையச் சந்தைக்கு நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் ஒரே பதில்: பணம் தளத்துக்கு வெளியே கைமாறியதால் தாங்கள் தலையிட இயலாது. சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும், அதே மாடல் வைத்திருக்கும் இன்னொரு மாணவி தனது சிலிண்டரை இரவல் கொடுத்ததால் மாவட்டப் போட்டியிலாவது சுடட்டும் என்று நினைத்தோம். நேற்று டிரிகர் விழுந்தது. மாலையில் பழுது பார்ப்பவர் திறந்து காட்டினார். டிரிகரைத் தாங்கும் சிறு எஃகுத் துண்டின் விளிம்பை யாரோ அரத்தால் தேய்த்திருந்தார்கள். கடினமான மேல்பரப்பு போய்விட்டதால், சுடச் சுட அது தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. திருகை எவ்வளவு இறுக்கினாலும் இனி நிற்காது என்றார். கடைசி நேரத்தில் பயிற்சிக்கூடத்துப் பிஸ்டலைக் கொடுத்தார்கள். கிரிப்பைச் சரிசெய்யக்கூட நேரமில்லாமல் சுட்டு 521 எடுத்தாள். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகிப் பல நிமிடங்கள் போனதையும், அவர் இறுதிச் சுற்றைத் தவறவிட்டதையும், 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றதையும் வீடு திரும்பும் வழியில் எனக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் என் மகள்தான். நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஆறுதல் அது.

வாங்கும் முறையைப் பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது எழுத முடிவது இவ்வளவே. சிலிண்டரில் பொறித்த ஆண்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்டிக்கர் இருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். 500 கிராம் எடையைப் பத்து முறையாவது தூக்கிப் பாருங்கள். இரவு முழுவதும் நிரப்பி வைத்து, காலையில் முள்ளைப் பாருங்கள். பிள்ளையின் கை அந்தக் கிரிப்பில் நேரில் பதிய வேண்டும். தாளில் வரைந்து அனுப்பும் அளவு எதற்கும் உதவாது. 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலுள்ள, 0.177 அங்குலக் குழல் கொண்ட ஏர் பிஸ்டலுக்கு உரிமம் வேண்டியதில்லை என்பதற்காக ரசீதும் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். பிஸ்டலின் வரிசை எண் எழுதிய ரசீது என்னிடம் இல்லாததால்தான் இன்று ஒவ்வொரு வாசலிலும் நிற்கிறேன். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

இன்று காலை அந்த இணையச் சந்தையில் மறுபடி பார்த்தேன். வேறொரு பெயரில் புதிய விளம்பரம் வந்திருக்கிறது: இரண்டு ஆண்டுதான் பழையது, ஒரே பெண் பயன்படுத்தியது, விலை 1,38,000. படத்தில் பிஸ்டல் இருப்பது அதே இரும்புப் பிடிப்பானில்.