அச்சுக்குப் பழைய எழுத்துருவா, யூனிகோடா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் கோயில் திருவிழா அழைப்பிதழ் அச்சிடுவோருக்கு இரண்டு வழிகள் உண்டு: பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழைய 8-பிட் எழுத்துரு, அல்லது அதே வேலையைச் செய்யும் இன்டிசைனிலோ ஸ்கிரைபஸிலோ யூனிகோட் எழுத்துரு.

பழையதில் ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கும். நிறுவியவுடன் வேலை செய்யும். அலங்கார வடிவங்களும் ஏராளம். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முருகன் பெயர்கூடப் புரியாத குறிகளாகிவிடும். பேஜ்மேக்கரும் 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுவிட்டது.

யூனிகோட் என்பது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் உலகப் பொது முறை; அதில் உரை உரையாகவே நிற்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த உபயதாரர் பட்டியலை அப்படியே ஒட்டலாம். மறுபடி தட்டச்சு செய்து ஒருவர் பெயரில் புள்ளியை விட்டுவிடும் கொடுமை இல்லை. எனக்கு இதுவே போதுமான காரணம். ‘கொ’வின் கொம்பு இடம் மாறித் தெரிந்தால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள், இன்டிசைனின் பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான கம்போசரை (World-Ready Paragraph Composer) தேர்ந்தெடுங்கள். ஸ்கிரைபஸ் என்றால் 1.6 பதிப்பை நிறுவுங்கள். விண்டோஸில் எழுத்துருவை எல்லாப் பயனர்களுக்கும் நிறுவுவது நல்லது. சில மென்பொருள்கள் தனிப்பயனர் கோப்புறையைப் பார்ப்பதில்லை.

புதிய கடைக்கு ஸ்கிரைபஸும் நோட்டோ செரிஃப் தமிழ் என்ற யூனிகோட் எழுத்துருவும் போதும், இரண்டும் இலவசம். மேக் கணினியில் நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. பழைய எழுத்துருக்களைத் தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.