ஏற்காட்டு ஈரத்துக்கு ஏற்ற கார்ப்பெட் இயந்திரம்: இரட்டை உருளை பிரஷ் கருவி பற்றிய மதிப்பீடு

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு விடுதியின் கார்ப்பெட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவினால், அதை உலர்த்தித் தர வெயில் கிடைப்பதில்லை. சன்னலைத் திறந்து வைத்தால் காற்றுக்குப் பதில் மூடுபனிதான் உள்ளே வருகிறது. நனைந்த துணிப்பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதனால் மலையில் விடுதிகளையும் கீழே சேலத்தில் அலுவலகங்களையும் திருமண மண்டபங்களையும் சுத்தம் செய்யும் பணியில் இருக்கும் நான், கருவி வாங்க நினைப்பவர்களிடம், வேலை முடிந்தபின் கார்ப்பெட்டில் எவ்வளவு தண்ணீர் தங்கும் என்பதையே முதலில் கேட்கச் சொல்வேன்.

தண்ணீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சும் கருவிகளை நான் குறை சொல்ல மாட்டேன். கர்ச்சர் நிறுவனத்தின் புட்ஸி 10/1 போன்ற சிறிய இயந்திரமே நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் கரைசலைப் பீய்ச்சி, அடியில் படிந்த அழுக்கையும் சேர்த்து இழுத்துவிடும். சோபாவுக்கும், பால் கொட்டிய இடத்துக்கும் அதற்கு ஈடில்லை. ஆனால் அந்த முறையில் கழுவிய நீளமான நடைபாதை முழுமையாகக் காய ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை ஆகலாம். சணல் அடித்துணி கொண்ட பழைய கம்பளி விரிப்பாக இருந்தால் பழுப்பு நிறம் மேலேறுவதும், விரிப்பு சுருங்குவதும் உண்டு.

பலரும் கையில் இருக்கும் சிங்கிள் டிஸ்க் மெஷினிலேயே (ஒற்றை வட்டத் தட்டு சுழன்று தரையைத் தேய்க்கும் இயந்திரம்) பஞ்சுப் பேடை மாட்டிக் கார்ப்பெட்டைத் துடைக்கிறார்கள். கிரானைட் தரைக்கு வாங்கிய இயந்திரம் இதற்கும் பயன்படுகிறதே என்ற எண்ணம் புரிகிறது. எனினும் அந்தப் பேட் நூலின் மேல்நுனியை மட்டுமே துடைக்கிறது. அழுக்கில் ஒரு பகுதி உள்ளே தள்ளப்படுகிறது. வெட்டிய நூல் கொண்ட விரிப்புகளில் வட்ட வட்டமான சுழல் தடங்கள் நிரந்தரமாகத் தங்கிவிடவும் கூடும். விருந்தினர் நடமாடும் இடத்தில் அதை நான் அனுமதிப்பதில்லை.

எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு உருளை பிரஷ்கள் கொண்ட இயந்திரத்தின் வேலை இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. கரைசலை மெல்லிய தூறலாகத் தெளித்துவிட்டு இயந்திரத்தை மெதுவாக ஓட்டினால், ஒரு பிரஷ் முன்னிருந்தும் மற்றது பின்னிருந்தும் நூலைச் சீவி நிமிர்த்துகின்றன. மிதிபட்டுப் படுத்துக் கிடந்த நூல் எழுந்து நிற்பதை ஓட்டிய தடத்துக்கும் ஓட்டாத தடத்துக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தடவினாலே உணரலாம். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் நடக்கும் அளவுக்குக் காய்ந்துவிடுகிறது. மழைநாளில் மின்விசிறிகளின் துணை வேண்டும். தண்ணீர் குறைவு என்பதால், அடியிலிருக்கும் கறை ஈரத்தோடு நூல் நுனிக்கு ஏறி மறுநாள் மீண்டும் தெரியும் தொல்லையும் வெகுவாகக் குறைகிறது.

குறைகளும் உள்ளன. சுவரோரத்தில் இரண்டு விரல் அகலம் எட்டாது, கைபிரஷ்தான் கதி. மண்டபத்து விரிப்பில் ஓட்டும்போது தலைமுடியும், பூச்சரம் கட்டிய வாழைநாரும் பிரஷின் இரு முனைகளிலும் இறுகச் சுற்றிக்கொண்டு பேரிங் வரை போய்விடும். பிரஷை ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே கழற்ற முடிகிறதா என்று வாங்கும் முன் செய்து பாருங்கள். முடியாத மாடலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

இந்த இயந்திரத்தின் பலன் பாதிக்கு மேல் அதில் தெளிக்கும் சுத்திகரிப்பு மருந்தைப் பொறுத்தது. அழுக்கைச் சூழ்ந்துகொண்டு காய்ந்தபின் உதிரும் பாலிமர் கரைசல்தான் இதற்கு உரியது. வாங்கியதும் ஒரு கரண்டி கரைசலை எவர்சில்வர் தட்டில் ஊற்றிக் காயவிட்டு நகத்தால் சுரண்டுங்கள். பொருபொருவென்று உதிர்ந்தால் நல்லது, பிசுபிசுத்தால் அதே பிசுக்கு கார்ப்பெட்டிலும் தங்கி ஓரிரு வாரத்தில் முன்னைவிடக் கறுப்பாக்கிவிடும். ஒரு விற்பனையாளர் சாதாரண ஷாம்புவே போதும் என்று அடித்துச் சொன்னார். தட்டில் அது காயவே இல்லை. சேலத்தில் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புகள் மிகுந்த கடின நீர் என்பதால், கலக்குவதற்குக் கடினத்தன்மை நீக்கிய நீரையே எடுக்கிறோம். மண்டபங்களில் காரத்தன்மை மிகுந்த மருந்தை அறவே தவிர்க்க வேண்டும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டதும் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்ந்ததும் மஞ்சள் நீர் சிவப்பாவது இதனால்தான். அட்சதை சிந்திய இடத்தில் தவறான மருந்து பட்டால் மங்கலான மஞ்சள் கறை செங்கறையாகி நிற்கும்.

வாங்கும்போது மோட்டாரின் தகட்டைப் படியுங்கள். அமெரிக்கச் சந்தைக்கான மாடல்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் ஓடுபவை. நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இணைப்புக்கு உரியதையே கேட்டு வாங்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்தபின் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மாடியேற்ற வேண்டியிருப்பதால், ஒருவர் தூக்கக்கூடிய எடையும் முக்கியம்.

நல்ல வேக்குவம் இல்லாதவர்கள் இந்த இயந்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு அதை முதலில் வாங்கட்டும். கார்ப்பெட்டில் சேரும் அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த மண்ணும் தூசியும்தான். அதை உறிஞ்சி எடுக்காமல் கரைசலைத் தெளித்தால் தோட்டத்துச் செம்மண் சேறாகிவிடும். காய்ந்து உதிரும் பாலிமரை மறுநாள் எடுப்பதும் வேக்குவமே. இவை இரண்டும் அமைந்த விடுதி, வழக்கமான பராமரிப்பை உருளை பிரஷ் கருவியால் செய்துகொண்டு, தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் ஆழ்ந்த சுத்தத்தை மழையும் பனியும் ஓய்ந்த மாசி, பங்குனிக்குத் தள்ளிவைத்துக்கொள்ளலாம்.