கையடக்க ஸ்கோப்புக்கு அளவுகோல்: பற்றரியா, ஏடி584 மொடியூலா?

கிளிநொச்சிப் பக்கம் சோலார் பம்ப், மோட்டார்சைக்கிள் வயரிங் திருத்துகிறவருக்கு மலிவான ஸ்கோப்பே (வோல்ற் மாறுவதைத் திரையில் அலையாகக் காட்டும் ஒஸிலோஸ்கோப்) போதும். அது காட்டும் வோல்ற் சரியா என்பதுதான் கேள்வி.

9 வோல்ற் பற்றரியில் ஸ்கோப்பையும் மல்ரிமீற்றரையும் ஒன்றாக இணைத்துப் பார்க்கலாம். பற்றரி பழசென்றாலும் பரவாயில்லை, இரண்டும் ஒத்துவந்தால் சரி. ஏடி584 மொடியூல் என்பது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென நிலையான வோல்ற் தரும் சிறு பலகை; 2.5, 5, 7.5, 10 என நான்கு வோல்ற் தரும். மலிவு மீற்றரைவிடப் பொதுவாகத் துல்லியம். ஆனால் 8 பிட் ஸ்கோப் தன் வீச்சை 256 படியாகத்தான் பிரிக்கும், ஒரு படியே ஏறத்தாழ 0.4 சதவீதம். அந்தத் துல்லியம் அதில் எங்கே தெரியப்போகிறது? என் வாக்கு பற்றரிக்கே.

எதுவானாலும் ஸ்கோப்பைக் கொஞ்சம் சூடேறவிட்டு, புரோப் (அளக்கும் வயர்) முனையை அதன் கிளிப்போடு சேர்த்துப் பூச்சியத்தை முதலில் சரிசெய்யுங்கள். 230 வோல்ற் வீட்டுக் கரண்டில் மட்டும் கைவைக்காதீர்கள்: நிலையாக நிற்காது, ஆளையும் அடிக்கும். வோல்ற்றைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக் கொடுக்கும் பத்து மடங்குப் புரோப்பில் அலை வடிவைச் சரிசெய்யும் திருகுக்கு 1 கிலோஹேர்ட்ஸ் சதுர அலை வேண்டும். அதற்கு இரண்டுமே உதவாது.